ஊருக்கு ஒரு வயிறு

செங்கமடையில் அன்று காலை ஆறே முக்காலுக்குச் சங்கு ஊதியது. ஐந்தே நிமிடத்தில் பாதி ஊர் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்றது. எல்லார் கையிலும் காலிக் குடம். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி.

"நேத்து என்னத்தவே தின்னீரு?"

ஆவுடையப்பன் அந்த ஊர்க் குடிநீர்த் தொட்டியின் ஆபரேட்டர். பதினெட்டு வருடமாக மோட்டார் போடுகிறவர், வால்வு திறக்கிறவர், பிளீச்சிங் பவுடர் கலக்குகிறவர். பெரிய குறை ஒன்றும் சொல்ல முடியாத மனிதர். சாப்பாட்டைக் கண்டால் மட்டும் மனிதர் வேறு ஆள்.

"பரோட்டா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"எத்தனை?"

"நாலு."

"ஏழு" என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். பரோட்டாக் கடை அருமைநாயகம். தொழிலில் சுத்தமானவர், எண்ணிக்கையில் பொய் வராது. "சால்னா மூணு தடவ கேட்டு வாங்கினாரு."

கூட்டம் ஆவுடையப்பனின் வயிற்றைப் பார்த்தது. அந்த வயிற்றுக்குள்தான் ஊரின் வால்வு இருந்தது.

எல்லாம் போன வாரம் முழுங்கிய ஒரு வித்தால் வந்த வினை. பார்க்க அரிசி மாதிரி இருக்கும். மாவட்டக் குடிநீர்ப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருந்த பொறியாளர் நிலோபர், அதை ஒரு சின்னக் குப்பியில் வைத்து நீட்டியபோது, ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தண்ணியப் பாக்கதுக்குக் கருவி வைக்காம என் வயித்துல எதுக்கு மேடம் வைக்கீங்க?"

"கருவி வச்சுப் பாத்தாச்சு அண்ணாச்சி" என்றாள் நிலோபர். முப்பது வயதிருக்கும். அலுப்பும் பொறுமையும் சரிபாதி கலந்த குரல். "நாலு ஊர்ல கருவியக் கழட்டி மினரல் வாட்டர் கேன்ல போட்டு வச்சிருந்தாவ. வருசம் பூரா தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட்டு வந்துது. ஊர்ல பாதிப்பேரு ஆஸ்பத்திரியில கெடந்தாவ. மிஷின ஏமாத்திரலாம், மனுச வயித்த ஏமாத்த முடியாதுன்னு இப்ப சட்டம் வந்திருக்கு."

வித்து இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் ஆபரேட்டர் முதல் டம்ளர் ஊர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டும். தண்ணீரில் கோளாறு இருந்தால், மனிதனுக்கு வலி தெரிவதற்கு முன்பே குடல் முகத்தைச் சுளிக்கும். வித்து அதைப் பார்த்துவிடும். உடனே வால்வு தானாக மூடிக்கொள்ளும், சங்கு ஊதும், தொட்டி மேலிருக்கும் பச்சை விளக்கு சிவப்பாகும். ஒருநாள் முழுக்கத் திறக்காது.

"அதுக்கு ஏன் என் வயிறு?"

"தான் குடிக்கிற தண்ணிய எவனும் அசுத்தமா விடமாட்டான்லா?"

பஞ்சாயத்துத் தலைவி ஞானதீபம் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு வேறு கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஒரு அரிசி, ஆவுடை. முழுங்கிட்டுப் போயேன்" என்றார்.

ஆவுடையப்பன் வித்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தொட்டுக்க ஏதும் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அப்படியே முழுங்கினார்.

ஆனால் குடல் எதற்கு முகம் சுளிக்கிறது என்பது வித்துக்குத் தெரியாது. தண்ணீருக்கும் சுளிக்கும், சால்னாவுக்கும் சுளிக்கும்.

பரோட்டாவுக்கு அடுத்து, பேருந்து நிறுத்தத்தில் தின்ற மிளகாய் பஜ்ஜிக்கு ஒரு சங்கு ஊதியது. மூன்றாவது சங்குதான் ஊரைத் திகைக்க வைத்தது. அன்றைக்கு முந்தின நாள் முழுக்க அவர் தயிர்ச்சோறு தவிர ஒன்றும் தொடவில்லை. நிலோபர் வந்து அரைமணி நேரம் விசாரித்தாள்.

"காலையில வீட்டுல எதும் சண்டையா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி பிரம்மசக்தி முற்றத்துக் கொடியைப் பார்த்தாள்.

"ஈரத்துண்ட கட்டில்ல போட்டாருன்னு ரெண்டு வார்த்த சொன்னேன்" என்றாள்.

"கோவம் வந்தாலும் அமிலம் சுரக்கும்க்கா" என்றாள் நிலோபர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராமசபை கூடி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஆவுடையப்பனுக்கு இட்லி உண்டு, சட்னி கிடையாது. மோர் உண்டு, ஊறுகாய் கிடையாது. ஊரில் எந்தக் கடையிலும் அவருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. அருமைநாயகம் ஒருபடி மேலே போய், ஆவுடையப்பனின் போட்டோவைப் பெரிதாக்கி, 'இவருக்குப் பரோட்டா இல்லை' என்று எழுதிக் கடை முகப்பில் மாட்டினார். கடைசித் தீர்மானம், ஆவுடையப்பனிடம் யாரும் கோபப்படவோ அவரைக் கோபப்படுத்தவோ கூடாது என்பது. அதைச் சொல்ல ஞானதீபமே நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பிரம்மசக்தியிடம் வந்தார்.

"நீ அவரத் திட்டப்பிடாது, சக்தி."

"கலியாணம் ஆன நாள்லருந்து திட்டுதேன்" என்றாள் பிரம்மசக்தி. "திடீர்னு நிப்பாட்டினா, தனக்கு என்னமோ பெரிய வியாதின்னுல்லா அந்த மனுசன் பயந்துருவாரு?"

"ஊருக்காக" என்றார் ஞானதீபம்.

பிரம்மசக்தி வாசலைப் பார்த்தாள். மூன்றாவது சங்கு ஊதிய அன்று பெண்கள் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போன காலிக் குடங்கள் இன்னும் வரிசையாக இருந்தன. அவள் உள்ளே அடுப்படிக்குப் போனாள்.

முதல் பத்து நாள் ஆவுடையப்பனுக்குச் சொர்க்கமாக இருந்தது. சீட்டாட்டத்தில் அவரே ஜெயித்தார். பேருந்தில் ஏறினால் மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வரப்புத் தகராறில் எட்டு வருடமாக முகம் கொடுக்காத பங்காளி, அவர் லேசாக வயிற்றைத் தடவியதும் "நீரு சொன்ன இடத்துலயே கல்லு நட்டுக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் சொன்ன பழைய துணுக்குகளுக்கெல்லாம் டீக்கடையே குலுங்கிச் சிரித்தது.

பதினோராவது நாள் அவருக்குச் சந்தேகம் வந்தது. நாவிதரிடம், "நேத்து நம்ம குளத்துல திமிங்கிலம் பாத்தேன்" என்று சொல்லிப் பார்த்தார்.

"இருக்கும் அண்ணாச்சி" என்றார் நாவிதர், கத்தரியை நிறுத்தாமல். "பெருசுதானா?"

வீட்டுக்கு வந்து, வேண்டுமென்றே ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார். பிரம்மசக்தி வந்து எடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "பரவால்லங்க" என்றாள்.

ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. நேரே மோட்டார் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மோட்டார் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அது ஒன்றுதான் அவரிடம் இன்னும் பழையபடி இரைந்துகொண்டிருந்தது.

ஆனால் விளக்கு பச்சையாகவே நின்றது. இருபது நாள், நாற்பது நாள், அறுபது நாள். தினமும் காலையில் பிரம்மசக்தி பித்தளை டம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் குடிப்பார். வயிறு அசையாது. ஊர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது. பக்கத்து ஊர்க்காரர்களிடம், "எங்க ஆபரேட்டர் வயிறு கல்லு" என்று பெருமை பேசினார்கள். ஆவுடையப்பனும் சும்மா இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. முன்பெல்லாம் தினமும் தெருத்தெருவாக அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். வயிறே சொல்லும்போது பெட்டி எதற்கு என்று அதைப் பரணில் போட்டார்.

எழுபதாவது நாளுக்கு மேல் ஊரில் என்னவோ போல இருந்தது. அருமைநாயகம் கல்லில் மாவை வீசிக்கொண்டிருந்தவர், பாதி வீச்சில் விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் வாசலில் நின்றிருந்தார். வாங்கித் தின்பதற்குத்தான் தடை, வாசலில் நின்று மணம் பிடிப்பதற்குத் தீர்மானத்தில் தடையில்லை.

"என்னவே, ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல. நேத்து மொச்ச தின்னேன்."

"தண்ணியா இருக்குமோ?"

"ஒம்ம வயிறு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப மொச்சதான்" என்றார் அருமைநாயகம் நிம்மதியாக.

ஊர் முழுக்க இதே கணக்குத்தான். ஒருவர் பழைய கறியைக் குற்றம் சொன்னார். ஒருவர் வெயிலைச் சொன்னார். ஒரு மாமியார் மருமகளின் சமையலைச் சொன்னாள். மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்துபோய், டவுனிலிருந்து இரண்டு முறை வரவழைத்தார்கள். அவரவர் வயிறு கத்திய கத்தலை அவரவர் கேட்டார்கள். ஆனால் நம்பியது ஆவுடையப்பனின் வயிற்றை.

நூறாவது பச்சை நாளன்று பாராட்டு விழா வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்குப் பஞ்சாயத்து அலுவலக மைதானத்தில் பந்தல். நிலோபர் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்திருந்தாள். மேடையில் நடுநாற்காலி ஆவுடையப்பனுக்கு.

ஞானதீபம் மைக்கைப் பிடித்தார். "மாவட்டத்துக்கே முன்மாதிரியான நமது கிராமம்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். முகம் மாறியது. மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, அலுவலகத்தின் பின்பக்கம் விறுவிறுவென்று நடந்தார். மைக்கை வாங்கியவர் "முன்மாதிரியான..." என்று தொடர்ந்து, அவரும் போனார். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். பின்வரிசையில் ஐந்து பேர். அலுவலகத்துக்கு ஒரே கழிப்பறை. வரிசை சுற்றுச்சுவரைத் தாண்டியது.

நிலோபர் மேடையிலிருந்து இறங்கி வரிசைக்குப் போனாள்.

"என்ன இது?"

"இது வேற மேடம்" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். "தண்ணிக்குச் சம்பந்தமில்ல. லேசா வயித்துப்போக்கு."

"எத்தன நாளா?"

"ரெண்டு, மூணு வாரம்."

"உங்களுக்கு?" என்றாள் அடுத்தவரிடம்.

"எனக்கும்தான். மாம்பழம்."

அப்போதுதான் அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒமக்குமா?" என்றார் ஒருவர். "ஏன், ஒமக்குமா?" என்றார் மற்றவர். கேள்வி வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. கீழத்தெருவில் இரண்டு பிள்ளைகளை நேற்றுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாக ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். விழாவைக் கெடுக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"ஆனா விளக்கு பச்சைல்லா மேடம்!" என்றார் அருமைநாயகம். எல்லாரும் தொட்டியை அண்ணாந்து பார்த்தார்கள். பச்சையாகத்தான் எரிந்தது.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து பிரம்மசக்தி எழுந்து மேடைக்கு வந்தாள். ஊரையும் பார்க்கவில்லை, பொறியாளரையும் பார்க்கவில்லை. புருஷனுக்கு நேரே போய் நின்றாள்.

"எல்லாம் ஒம்மாலதான் வந்தது, ஏ மனுசா!" என்று கத்தினாள். "நாக்க அடக்குன்னு எத்தன தடவ சொன்னேன்? ஏழு பரோட்டா கேக்குதோ ஒமக்கு? நீரு திங்க, ஊர்க்காரி எல்லாம் எம் வாசல்ல கொடத்தக் கவுத்துட்டுப் போக, நான் என்ன செய்ய? மூணாஞ்சங்குக்கு மறுநாள்லருந்து தண்ணியக் காய்ச்சி ஆற வச்சித்தான் அந்த டம்ளர்லயும் ஊத்துதேன், குடிதண்ணிப் பானையிலயும் ஊத்துதேன். நூறு நாளா நீரு ஊர்த்தண்ணி ஒரு சொட்டு குடிக்கல. இந்த வயித்துக்கா மால போடப் போறாவ?"

ஆவுடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, வெளியூரில் நூறு நாள் கிடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியது போல இருந்தது.

அதற்குள் மேடைக்குத் திரும்பியிருந்த ஞானதீபம்தான் முதலில் தேறினார். "சான்றிதழக் குடுத்துட்டு அப்புறம் பேசுவமே மேடம்? சட்டப்படி இப்ப வரைக்கும் பச்சைதான?"

"சட்டப்படி பச்சைதான்" என்றாள் நிலோபர். "அதாம்மா எனக்குப் பயமா இருக்கு. வால்வ நான் கையால மூட முடியாது. மனுசன் நடுவுல புகுந்து திருகிரக்கூடாதுன்னு வித்துகிட்ட மட்டும்தான் அந்த அதிகாரத்தக் குடுத்திருக்காவ. நான் மேல எழுதிப்போட்டு விசாரண முடியதுக்கு மூணு மாசம் ஆகும்."

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். தோளில் போட்டிருந்த பொன்னாடையை மடித்து வைத்தார். பந்தலுக்குப் பக்கத்திலிருந்த தெருக்குழாயை நோக்கி நடந்தார்.

பிரம்மசக்தி குறுக்கே வந்தாள். "வேண்டாங்க. நூறு நாளாப் பத்தியத்துல இருக்குற வயிறு. தாங்காது."

"நான் ஆபரேட்டர்லா, சக்தி" என்றார் அவர்.

குழாயைத் திறந்து, கையை ஏந்திக் குடித்தார். அந்த நெடி இல்லை, பிளீச்சிங் நெடி. தண்ணீர் கெட்டிருக்கிறது என்று தெரிய, பதினெட்டு வருடம் தண்ணீர் விட்டவருக்கு அது போதும். ஆனாலும் நிறுத்தவில்லை.

"போதும் அண்ணாச்சி, ஒரு டம்ளர்தான் கணக்கு" என்றாள் நிலோபர்.

"தாகம் மேடம்" என்றார். "நூறு நாளாக் குடிக்கல பாருங்க."

பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரும் உட்கார்ந்தது. மைக்கை அணைத்தார்கள். நானூறு பேர் ஒரு மனிதனின் வயிற்றைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆனது. அரைமணி ஆனது. அருமைநாயகம் முன்னால் வந்து, "வேணும்னா ரெண்டு பரோட்டா போட்டுக் கொண்டு வரட்டா? வெரசா ஊதிரும்" என்று கேட்டார். நிலோபர் முறைத்ததும் போய்விட்டார்.

நாற்பதாவது நிமிடம், ஆவுடையப்பனின் வயிற்றுக்குள் வண்டிச்சக்கரம் கல்லில் ஏறியது போல ஒரு சத்தம் கேட்டது. முன்வரிசை முழுதும் குனிந்து கவனித்தது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது.

சங்கு ஊதியது. தொட்டி மேல் விளக்கு சிவந்தது. எங்கோ வால்வு மூடும் சத்தம் கேட்டது.

செங்கமடையில் சங்குக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றைக்குத்தான். ஆவுடையப்பன் அதைக் கேட்க நிற்கவில்லை. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். கழிப்பறை வரிசை மரியாதையாக இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

மதியத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கீழத்தெருவில் சாக்கடைக்கு அடியில் போகிற மெயின் குழாய் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. குளோரின் பெட்டியோடு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். பச்சை எரிந்த நூறு நாளில் யாரும் அந்தத் தண்ணீரைச் சோதிக்கவில்லை.

மறுநாள் காலை, தாலுகா ஆஸ்பத்திரியில் ஆவுடையப்பனுக்கு மூன்றாவது பாட்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் இரண்டும் தேறிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. பக்கத்தில் பிரம்மசக்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன நூறு நாளுக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடி ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிலோபர் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"குளோரின் பெட்டியப் பரண்ல போட்டது எந் தப்புதான் மேடம்" என்றார் ஆவுடையப்பன். "நீங்க என்ன நடவடிக்க எடுத்தாலும் சரி."

"நடவடிக்க எம்மேல வரும்போல இருக்கு அண்ணாச்சி." நிலோபர் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மாவட்டத்தின் வரைபடம். மழைக்குப் பிறகு முளைத்த புல் மாதிரி எங்கும் பச்சைப் புள்ளிகள். நடுவில் ஒன்றே ஒன்று சிவப்பு. "மத்த எரநூத்துப் பன்னெண்டு ஊரும் மாசக்கணக்காப் பச்ச. செங்கமடை மட்டும் ஏன் சிவப்புன்னு மேலருந்து விளக்கம் கேட்டிருக்காவ."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிரம்மசக்தியைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. ஒண்ணு தெரியணும். பெரிய பெரிய விஞ்ஞானியெல்லாம் உக்காந்து ஏமாத்தவே முடியாதுன்னு பண்ணின சாமான் அது. தண்ணியக் காய்ச்சிக் குடுக்கலாம்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"எனக்கு எங்க மேடம் தோணிச்சு?" என்றாள் பிரம்மசக்தி. "ஆபரேட்டர் பொண்டாட்டிமாருக்குன்னு வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. சங்கு ஊதிட்டே இருக்கு, என்ன செய்யன்னு கேட்டேன். ஒரு அக்கா சொல்லிக் குடுத்தா. நாங்கள்லாம் அப்படித்தான் பண்ணுதோம்னு கீழ வரிசையாப் போட்டிருந்தாவ."

நிலோபர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"குரூப்ல எத்தன பேரு?"

"எண்ணிப் பாக்கல. எரநூறுக்கு மேல இருக்கும்."

நிலோபரின் விரல் வரைபடத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. ஆற்றோரமாக ஒரு பச்சைப் புள்ளியில் போய் நின்றது. அவள் கைக்கணினியைக் கட்டிலில் வைத்துவிட்டு, கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். மேலதிகாரியைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

"உம்மா," என்றாள் நிலோபர், "நம்ம வீட்டுல தண்ணியக் காய்ச்சித்தான குடிக்கீங்க?"

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கட்டில்வரை கேட்டது.

"அதெதுக்கும்மா?" என்றது அந்தக் குரல். "நம்ம ஊரு எப்பவும் பச்சைல்லா!"